இரண்டு கதவுகளுக்கு நடுவே

"ஏண்டி, நாக்கை வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. விடை தெரியும், வாய்தான் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. யார் மேலும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் கழித்து சித்தி என்னை ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். இதயத்து ரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் இடம், கேத் லேப் என்பார்கள். "பேசவே வேண்டாம்டி, எடுத்து வச்சா போதும்" என்றாள். அப்படித்தான் இருந்தது. எக்ஸ்ரே படாமலிருக்க எல்லோரும் போட்டுக்கொள்ளும் ஈய அங்கிகளை மாட்டி வைப்பேன், தள்ளுவண்டி தள்ளுவேன், மேஜை துடைப்பேன். மணிக்கட்டில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழாய் இதயம் வரை போகும். மருந்து பாய்ந்ததும் திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பு நூல் பிரிந்தது போலத் தெரியும். அடைப்பு உள்ள இடம் யாரோ கிள்ளி வைத்த மாதிரி இருக்கும். அங்கே பலூனை ஊதி, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை விரித்தால் ரத்தம் குபுகுபுவென்று ஓடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம். கையெழுத்தெல்லாம் முன்பே வாங்கியாகிவிடும். ஆனாலும் அடைப்பைப் பார்த்த பிறகு, "வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா" என்பார். மற்றவர்கள் எல்லோரும் கையுறையோடு நிற்பார்கள். சும்மா நிற்பவள் நான் ஒருத்திதான்.

அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் நடுவே இரண்டு கதவுகள், இடையில் அங்கிகள் தொங்கும் சின்ன நடை. முதல் தடவை இரண்டாவது கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று நூறு வரை எண்ணினேன். திரும்பி வந்து, "சரின்னுட்டாங்க சார்" என்றேன். ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் அந்த மனிதர் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நீங்களே சொல்லுங்கள், யார் வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள்?

எண்ணுவது சீக்கிரமே சலித்துவிட்டது. அந்த நேரத்தில், போய்க் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். வண்டி தள்ளும்போது வாசலில் நிற்பவர்களைப் பார்த்து வைத்துக்கொள்வேன், அதனால் பெரிய கஷ்டமில்லை. "மூத்த பொண்ணுதான் சார் பேசினாங்க. எது நல்லதோ செய்ங்க, அப்பாவோட மீசையில மட்டும் கை வச்சிடாதீங்க, அப்புறம் வீடு ரெண்டாயிடும்னாங்க." அறையே சிரித்தது. மேஜையில் படுத்திருந்தவரும் சிரித்து, அசையக் கூடாது என்று சிஸ்டரிடம் திட்டு வாங்கினார். எக்ஸ்ரே எடுக்கும் அண்ணன் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். "ரேடியோ, இன்னிக்கு என்ன செய்தி?" என்று நான் உள்ளே வந்ததுமே கேட்பார். நான் வாய் திறக்க நாலு பேர் காத்திருந்தது அங்கேதான்.

ஒரு நாள் வந்த பெரியவர் முன்பு பஸ் ஓட்டியவர். நெஞ்சுவலியோடு அவசரமாக வந்ததால் பழைய ஃபைல் எதுவும் கையில் இல்லை. காதுக் கருவி, பல்செட், கடிகாரம் மூன்றையும் வாங்கிப் பாலிதீன் பையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தது நான்தான். கருவி இல்லாமல் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

"இவருக்கு இதுக்கு முன்னாடி வயித்துல ரத்தக்கசிவு வந்திருக்கான்னு அந்தம்மாவைக் கேளு" என்றார் பெரிய டாக்டர். "ஸ்டென்ட் வச்சா ரத்தத்தை இளக்கற மாத்திரை ரெண்டு கொடுக்கணும். அப்படி வந்திருந்தா நான் வேற மாதிரி யோசிக்கணும். நல்லா கேட்டுட்டு வா."

நடையில் நின்றேன். கண்ணாடி வழியே அந்த அம்மா தெரிந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபதடி தூரம் இருக்கும். யோசித்தேன், திரும்பினேன்.

"அப்படி எதுவும் வந்ததே இல்லையாம் சார். கல்லைத் தின்னாலும் ஜீரணமாகும், பஸ்ஸுக்கு போடற டீசலை மட்டும்தான் இந்த மனுஷன் இன்னும் குடிக்கலைன்னாங்க."

எக்ஸ்ரே அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டர் முதல் வரியை மட்டும் ஃபைலில் எழுதினார். இரண்டாவது வரிதான் நன்றாக இருந்தது.

ஸ்டென்ட் அழகாக உட்கார்ந்தது. வீட்டுக்குப் போன நான்காம் நாள் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரைக் கொன்றது நான்தான் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன்.

மகன் வந்து சத்தம் போட்டார். பெரிய டாக்டர் ஃபைலைக் காட்டினார். மகன் அம்மா பக்கம் திரும்பி, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். "என்னை யாருடா கேட்டா?" என்றார் அவர். என்னைக் கூப்பிட்டு, "நீதானே போய்க் கேட்ட?" என்றார் டாக்டர். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் வரும்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியோடு போன என்னை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு நீதானேம்மா? நீ கேட்டியாம், நான் இல்லைன்னேனாம். ரெண்டு வருஷம் முன்னாடி பத்து நாள் பக்கத்துல இருந்து அவர் ரத்தத்தைத் துடைச்சவ நான். எப்படிம்மா இல்லைன்னு சொல்லியிருப்பேன்? பையன் என்கூடப் பேசறதையே விட்டுட்டான். எவ்வளவு யோசிச்சாலும் நீ வந்து கேட்டது ஞாபகம் வரமாட்டேங்குது. எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சா? நான் அப்போ என்னதான் சொன்னேன், சொல்லேன்."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனவர் வரப்போவதில்லை, ரேடியோவும் நின்றுவிடும். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு பதில். அதைக் கொடுக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியாள் ஒருவரிடம் நான் முழுசாகப் பேசியது அன்றுதான். அருவி மாதிரி கொட்டியது.

"இப்படித்தாம்மா என் கையைப் பிடிச்சீங்க. சில்லுன்னு இருந்துச்சு உங்க கை. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் இல்லைன்னீங்க. இந்த மனுஷன் எனக்கு வேணும்மான்னு அழுதீங்க. அந்தப் பதற்றத்துல பழசெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? உங்க மேல தப்பே இல்லைம்மா."

மனதார மன்னித்துத்தான் சொன்னேன். அவர் என் கைக்குள் இருந்த தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெல்ல உருவிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் நிம்மதிதானே. "லிஃப்ட் இந்தப் பக்கம்மா" என்று வழிகூடக் காட்டினேன். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படிப் பக்கமாகப் போனார்.