பஸ்ஸால் ஏறிய மனை விலை

"லேடீஸுக்கெல்லாம் ஓசி டிக்கெட் குடுத்தா பஸ் எப்டிம்மா ஓடும்?"

சேலையூர் ஸ்டாப்பில் பைக்கைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு கேட்டவர், சொந்த நிலத்தை மனை போட்டு விற்கிறவர். கேட்டது ஓர் அக்காவிடம். இன்னொரு நாள் லேட்டானால் நாவலூர் ஆபீஸில் வேலை போய்விடும் என்று, அரை மணி நேரமாக வராத பஸ்ஸுக்காக அந்த அக்கா தவித்துக்கொண்டிருந்தார்.

"பஸ் வந்ததாலதானே உங்க மனை வெல ஏறுச்சு? அதுல கொஞ்சம் வரியா குடுங்கண்ணா, ஓடும்."

"நல்லா கீதே! அது என் ராசிம்மா. மனைக்கும் பஸ்ஸுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவருடைய போன் அடித்தது. "சொல்லுங்க சார்! சூப்பர் மனை சார். வாசல்லயே பஸ் ஸ்டாப், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்!"

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அண்ணா, அந்த அஞ்சு நிமிஷ பஸ்ல என்னையும் ஏத்தி வுடுங்க."