உப்பைக் குறைக்கச் சொன்னேன்

வேலையாட்களுக்கு ஆரோக்கியத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்க்க வேண்டும். நான் அங்கேதான் தொடங்கினேன்.

என் பெயர் எமில்டா. கனடாவில், மார்க்கம் நகரத்தில் தொலைபேசி உதிரிப்பாகம் பொருத்தும் தொழிற்சாலையில் ஆறு வருடம் லைனில் நின்றேன். தொண்ணூற்றாறில் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். லைனில் நாற்பது பேர், பாதிக்கு மேல் எங்கள் தமிழ் ஆட்கள். திங்கட்கிழமைகளில் ஏழெட்டுப் பேராவது சுகமில்லை என்று வரமாட்டார்கள். மனேஜர் என்னிடம், ஏதாவது செய் என்றார்.

செய்தேன், பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று. கால்களுக்குக் கீழே ரப்பர் விரிப்புப் போடுவித்தேன். டோனட் பெட்டி இருந்த இடத்தில் தோடம்பழம் வந்தது. பத்தரைக்குப் பத்து நிமிடம் எல்லோருக்கும் உடற்பயிற்சி. புதன்கிழமைகளில் ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் வந்து பிறஷர் பார்ப்பார். முதல் கிழமை வெட்கப்பட்டவர்கள், மூன்றாம் கிழமை நான் இரண்டு நிமிடம் பிந்தினால் தாங்களே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

முன்வரிசையில் பஸ்ரியன் அண்ணை. ஐம்பத்துநாலு வயது, மன்னார்க்காரர். எல்லோரும் வலப்பக்கம் சரிந்தால் அவர் இடப்பக்கம் சரிவார். "நான் சரி. நீங்கள்தான் பிழையான பக்கம் சரியிறியள்" என்பார். அந்தச் சிரிப்புக்காகவே சிலர் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள்.

மிசிசாகாவிலிருந்த தலைமை அலுவலகம் கேள்விப்பட்டது. பன்னிரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், நாற்பது பேரும் இடையில் விடாமல் முடித்திருந்தால் மற்ற நான்கு தொழிற்சாலைகளுக்கும் இதையே கொண்டுபோவதாகவும் எழுதினார்கள். ஆயிரம் பேர். நீங்கள் எழுதும் என் வாக்குமூலத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

பதினோராம் கிழமை நேர்ஸ் அண்ணைக்கு மூன்று தடவை பிறஷர் பார்த்தார். பிறகு ஒரு கடிதம் எழுதினார். அண்ணைக்கு ஆங்கிலம் வராது. அவர் அதை என்னிடம் தந்து, வாசித்துச் சொல்லச் சொன்னார். பிரதி உங்கள் மேசையில் இருக்கிறது. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டொக்டர் சொல்லும்வரை வேலை கூடாது என்று எழுதியிருக்கிறது. நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

"உப்பைக் கொஞ்சம் குறைக்கட்டாம் அண்ணை. மற்றப்படி நல்லாயிருக்கிறியளாம்."

"விடியப்புறம் தலை இடிக்குது. அதுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அது உப்பாலதான். பயிற்சியை மட்டும் விட்டிடாதேங்கோ."

மறுநாள் அண்ணை, மனைவி வேரோனிக்கா உப்பில்லாமல் வைத்துக் கொடுத்த மீன்குழம்பில் எனக்கும் ஒரு கரண்டி தந்தார். "சப்பெண்டு கிடக்கு, என்ன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இனிமையான மதியம் அது. இன்னும் எட்டு நாள்தான், வெள்ளிக்கிழமை முடிந்ததும் நானே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு எல்லோரும் கைகளை உயர்த்தியபோது அண்ணையின் வலது கை எழவில்லை. வழக்கமான பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்தார் வந்தார்கள். தோடம்பழம் சாப்பிட்டார்கள், கூடச் சேர்ந்து கை கால் ஆட்டினார்கள். முப்பத்தொன்பது பேர்தான் நின்றார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறந்துவிட்டேன் என்றோ, ஆங்கிலம் பிழைத்துவிட்டது என்றோ எழுத வேண்டாம். தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். அவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் திட்டத்தில் அவரைவிடப் பிடித்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது அவருக்குப் பேச்சு இல்லை, ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும். நேர்ஸின் பிரதியை வேரோனிக்கா யாரையோ கொண்டு அவருக்குத் தமிழில் வாசிப்பித்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கிறேன். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். போன மாதம் பாதிதான் திருப்ப முடிந்தது. இப்போது முழுவதுமாகத் திருப்புகிறார். கழுத்துக்கு அது நல்ல பயிற்சி.