ஒரே ஒரு நட்சத்திரக் குறி

எனக்கு மெயில் வருவது மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பற்றி வேறு மாதிரி கேள்விப்பட்டு வந்திருப்பீர்கள். காலையில் பல் விளக்கியதும் மெயில் பெட்டியைத் திறந்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஒரு வரி இருந்தால்கூடப் போதும், அன்றைக்கு முழுக்க மனசு நன்றாக இருக்கும்.

விசாரணைக்கு வருவதாக மூன்று முறை எழுதினேன் என்கிறீர்கள். வரவில்லை. பரவாயில்லை, நேரில் வந்துவிட்டீர்களே. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் தேடி வந்த கம்ப்யூட்டர் அதோ, துணி அலமாரிக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் இருக்கிறது. அதன் மேல் காய்கிற துண்டு என் மனைவியுடையது. அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். பெரிய கட்டடம், குளிரூட்டிய அறை, வாசலில் காவலாளி என்றெல்லாம் எதிர்பார்த்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன் நான் ஒரு கம்பெனியில் மெயில் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். உடம்பு மெலிய மருந்து, வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு என்று குப்பையாகக் கொட்டியது. அதை அனுப்பும் சர்வர்களையும், மெயில் முகவரியின் வாலில் வரும் டொமைன் பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்தேன். ஒரு மெயில் வந்து கதவைத் தட்டினால் சர்வர் முதலில் பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் கதவு திறக்காது. கறுப்புப் பட்டியல் என்பது அவ்வளவுதான். நண்பர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு மெயில் மென்பொருள் எழுதும் ஒரு புண்ணியவான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தன் மென்பொருளில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து எத்தனையோ ஆயிரம் சர்வர்கள், ஒவ்வொரு மெயிலுக்கும், அந்தத் துண்டுக்கு அடியில் இருப்பதைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தன. இதை யார் நடத்துகிறார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. என் மனைவிக்கே தெரிந்திருக்கவில்லை.

மூன்று வருடம் நேர்மையாக நடத்தினேன். அதற்குப் பிறகும் நேர்மையாகத்தான் நடத்தினேன், பட்டியலில் வரும் ஆட்கள்தான் மாறினார்கள்.

என் பிறந்தநாளுக்குப் பல் டாக்டரிடமிருந்து வாழ்த்து வந்தது. அன்று எனக்கு வந்த ஒரே வாழ்த்து அதுதான் என்பது வேறு விஷயம். நான் கேட்காமல் வந்தது. பட்டியலில் போட்டேன். அதே சர்வரில் டாக்டரோடு குடியிருந்த நானூறு பேரும் சேர்ந்து போனார்கள். ஒரு நாட்டியப் பள்ளி, ஒரு லாரி ஆபீஸ், ஒரு மாட்டு வைத்தியர் எல்லோரும் அதில் உண்டு. சேர்க்கை சரியில்லாவிட்டால் அப்படித்தான். அடுத்து எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவும் தகவலுக்கு ‘மிக அவசரம்’ என்று தலைப்புப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு என் பழைய ஆபீஸ். அங்கே ஒருவர், முந்நூறு பேருக்குப் போன மெயிலுக்கு, முந்நூறு பேருக்கும் சேர்த்து ‘நன்றி’ என்று பதில் போட்டார்.

நான் கறாரான ஆள், ஆனால் ஒளித்துச் செய்கிறவன் இல்லை. என் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மெயில் போகாதவர்கள், பட்டியல்களைச் சோதிக்கும் இணையப் பக்கத்தில் தங்கள் டொமைனைப் போட்டுப் பார்த்தால் அந்தக் காரணம் அப்படியே தெரியும். மற்றப் பட்டியல்காரர்கள் ‘ஸ்பாம்’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சோம்பல் கிடையாது. என்ன காரணமோ அதை எழுதிவிடுவேன்.

பெயரை நீக்கவும் வழி வைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவர் தன் சொந்த டொமைனிலிருந்து எனக்கு ஒரு மெயில் எழுதினால் போதும். பட்டியலில் இருப்பவர்களின் மெயிலை என் சர்வரும் ஏற்காது, ஊருக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா. ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட எழுதவில்லை. அதனால் யாருக்கும் பெரிதாகக் கஷ்டம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வேலைக்குப் போய்விடுவாள், என்னைக் குளிப்பாட்டி, தலைசீவிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது அக்காதான். அவள்மேல் எனக்கு உயிர். அவள் மெத்தை, தலையணைக் கடை திறந்தபோது புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

“தம்பி, கொஞ்சம் எந்திரிடா, பஞ்சு சப்ளை பண்றவர் வந்துட்டார்,” என்றாள்.

எழுந்தேன். இரண்டு மணி நேரம் நின்றேன். கடை முழுக்க உட்காரவும் படுக்கவும் சாமான் நிறைந்திருந்தது, நான் ஒருவன்தான் நின்றேன். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. நான்கு வருடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன மாதம் அவள் கடையிலிருந்து ஒரு மெயில் வந்தது. அக்காவின் பெயரைப் பார்த்ததும் ஆசையாகத் திறந்தேன். ‘அன்புள்ள வாடிக்கையாளரே, இரண்டு தலையணை வாங்கினால் உறை இலவசம்.’ மறுநாளும் அதே மெயில். மூன்றாம் நாளும் வந்தது, அப்போதும் நான் வாடிக்கையாளர்தான். சொந்தம் வேறு, கொள்கை வேறு. பட்டியலில் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை போன் செய்தாள்.

“தம்பி, என் கடை மெயில் எவருக்குமே போக மாட்டேங்குதுடா. ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்கு அறுநூறு தலையணை கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விலையை எழுதி அனுப்பணும், அதுவும் கடை மெயில்லேர்ந்து வந்தாத்தான் எடுத்துப்பாங்களாம். இந்த ஆர்டரை நம்பித்தான் ரெண்டு தையல்காரங்களை வேலைக்கு வச்சிருக்கேன். நீதான் இதெல்லாம் தெரிஞ்சவன், என்னன்னு பாரேன்.”

பார்த்தேன். அவளுக்குக் கேட்கும்படி நான்கைந்து விசைகளைத் தட்டவும் செய்தேன்.

“கறுப்புப் பட்டியல்ல இருக்கேக்கா.”

“யாருடா போட்டது?”

“யாரோ ரொம்பக் கறாரான ஆளு போல.”

“எவனோ வேலைவெட்டி இல்லாதவன்,” என்றாள்.

அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே அவள் பெயரை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் அப்படிச் சொன்ன பிறகு எப்படி எடுப்பது? நீக்கக் கோரும் முகவரியை மட்டும் கொடுத்தேன். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டு, “பதினோரு தடவை எழுதிட்டேன்டா, அந்த மனுஷன் ஒரு பதிலும் போடல,” என்றாள். மெயில் பெட்டியைப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. அக்கா என்னிடம் பொய் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை அவள் வீட்டுக்காரர் பட்டியல் சோதிக்கும் பக்கத்தில் கடையின் டொமைனைப் போட்டு, வந்ததைச் சத்தமாகப் படித்திருக்கிறார். கடையில் ஆட்கள் இருந்தார்களாம். ‘காரணம்: கேட்காமல் மூன்று முறை விளம்பரம். மேலும், கடைத் திறப்பு விழாவில் தம்பியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் பஞ்சு வியாபாரியை உட்கார வைத்தது.’

அரை மணி நேரத்தில் அக்கா இங்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நாலு வருஷமாடா?” என்றாள்.

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா.”

“சொல்லியிருந்தா அன்னிக்கே வேற நாற்காலி போட்டிருப்பேனேடா. உலகத்துல இத்தனை பேர் இருக்காங்க, உனக்கு நான் ஒருத்திதான் கிடைச்சேனா?”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்வி. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, பதினோராயிரம் பேரை மட்டும் பட்டியலில் வைத்திருப்பது பாரபட்சம்தான். அவள் பெயரை எடுத்துவிடலாம், ஆனால் அக்கா என்பதற்காக எடுப்பது அதைவிடப் பெரிய பாரபட்சம். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். சாப்பிட்டேன், கை கழுவினேன், வந்து உட்கார்ந்தேன். பதினோராயிரம் வரிகளையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டேன். எங்கள் தொழிலில் அதற்கு ‘எல்லோரும்’ என்று பொருள். காரணம் என்ற கட்டத்தில் ‘பாரபட்சம் இல்லை’ என்று எழுதினேன்.

அப்போது மணி இரண்டு நாற்பது. மூன்றே முக்காலுக்கு மனைவி துண்டை எடுக்க வந்தாள்.

“ஸ்கூல்லேர்ந்து, ஆபீஸ்லேர்ந்து யாருக்கும் ஒரு மெயிலும் வரலையாம், பக்கத்து வீட்டுல ஒரே புலம்பல். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே? அப்ப சரி,” என்றேன்.

நாசவேலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி ஹாஸ்டலுக்கே போயிருக்கிறாள். போட்டிக்கு இருந்த நான்கு கம்பெனிகள் கடைசி நேரத்தில் அனுப்பிய மெயிலும் போய்ச் சேரவில்லை. வார்டன் தலையணையைத் தலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார். ஒரு தம்பி அக்காவுக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? ஆமாம், நான்தான் செய்தேன். ஒவ்வொரு பெயரையும் என் கையால்தான் போட்டேன், நட்சத்திரக் குறி உள்பட. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்ன சொல்கிறீர்கள்? மூன்றே நாளில் எல்லோரும் என் பட்டியலைத் தங்கள் சர்வர்களிலிருந்து எடுத்துவிட்டார்களா? இப்போது உலகத்தில் அதைக் கேட்டு நடக்கும் சர்வர் என்னுடையது ஒன்றுதானா? இருக்கட்டும். ஒருவனாவது ஒழுங்காக இருக்க வேண்டுமே.

பலர் பாதிக்கப்பட்டார்கள், அக்கா மனம் உடைந்துபோனாள் என்கிறீர்கள். என் மனைவியும் அதையே சொல்கிறாள். அக்கா போனை எடுப்பதில்லை என்பது உண்மைதான், கடையில் வேலை அதிகமாக இருக்கும். இன்றோடு இருபத்தொரு நாள். தினமும் பல் விளக்கியதும் பெட்டியைத் திறக்கிறேன். என்மேல் கோபம் என்றால் ஊரார் விட்டாலும் அக்கா ஒரு வரி எழுதாமல் இருப்பாளா? இதோ, நீங்களே வந்து பாருங்கள், ஒரு புகார்கூட இல்லை.