பதினைந்து எண்ணும் வரை

என் பெயர் ஆக்னஸ், வயது 47, கணவர் பெயர் தியோடர், ஹப்சிகுடாவில் குடியிருக்கிறேன். எனக்குத் தெலுங்கு எழுதப் படிக்க வராததால் தமிழில் சொல்கிறேன். தமிழ் தெரிந்த காவலர் ஆரோக்கியமேரி எழுதிக்கொள்கிறார்.

பதினெட்டு வருடமாக நர்சிங் ஆசிரியையாக இருக்கிறேன். நோயாளியின் கழுத்து வழியாகப் பெரிய ரத்தக்குழாயில் போடும் மருந்துக் குழாயைக் கிருமி படாமல் கையாளக் கற்றுக்கொடுக்கிறேன். அதன் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும் வரை துடைக்க வேண்டும். பதினான்கில் கையை எடுத்தவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

2009 ஜூலை 13 முதல் தினமும் காலை எட்டு மணிக்குப் பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். கையைச் சரியாகக் கழுவினார்களா என்று பார்க்க ஒரு களிம்பு உண்டு. கையில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. நீல விளக்கைக் காட்டினால் கழுவாத கையும் அது தொட்ட இடமெல்லாமும் பச்சையாக ஒளிரும். எட்டு மாணவியருக்கும் நானே தடவிவிட்டேன். அதன் பிறகு நான் எண்ண எண்ண, அவர்கள் கை கழுவினார்கள். அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சிவஞானத்திடம், அவர் கழுத்துக் குழாயின் மூடியைத் துடைத்துப் பழக அழைத்துப் போனேன். அவர் வயிற்று அறுவை முடிந்து தேறி வந்தவர். முதல் நாளே அவர் மனைவி ரமணி, நான் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நெற்றியில் சிலுவை போடுவதைப் பார்த்து, "அவருக்கும் போட்டு விடுங்க சிஸ்டர், எந்தச் சாமியா இருந்தா என்ன" என்றார். அன்று முதல் தினமும் கட்டைவிரலால் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

புதன்கிழமை அவருக்குக் குளிர்ஜுரம் கண்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இறந்தார்.

பன்னிரண்டு மணிக்கு, மாணவி வர்ஷினியின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கல்லூரி நிர்வாகத்திடம் கொடுத்தேன். பொம்மைப் பயிற்சியில் அவள் இரண்டு முறை தவறியதைப் பார்த்திருந்தேன். அவளை உடனே ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். "நான் பதினஞ்சு எண்ணித்தான் துடைச்சேன் மேடம். கை பட்டதுன்னு என்னை மட்டும் ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகு, அவள் விரல் பட்டதை நிரூபிக்கவே நீல விளக்கை எடுத்துக்கொண்டு சிவஞானத்தின் படுக்கைக்குப் போனேன். பிரேதப் பரிசோதனைக்காக அவர் கழுத்திலிருந்து குழாயை எடுக்காமல் விட்டிருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்தேன். குழாயின் மூடியில் ஒரு கட்டைவிரல் ரேகை பச்சையாக ஒளிர்ந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு இருந்தது. மருந்துக் குப்பி உடைத்தபோது வெட்டிய தழும்பு அது. என் விரலில்தான் இருக்கிறது. விளக்கைச் சற்று மேலே தூக்கினேன். அவர் நெற்றியில் சிலுவை ஒளிர்ந்தது. அதன் பிறகு என் மற்றக் கையை விளக்கின் கீழ் நீட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வரை பச்சையாக இருந்தது.

எட்டுப் பேரையும் கழுவ வைத்தேன். அந்த ஐந்து நாளும் நான் கழுவியதாக எனக்கு நினைவில்லை. "இதைத் தொடவே கூடாது" என்று, அவர்கள் துடைத்து முடித்த அந்த மூடியைத் தினமும் தொட்டுத்தான் காட்டியிருக்கிறேன்.

நோய் என் விரலால்தான் வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூடியில் ஒளிர்ந்தது வர்ஷினியின் விரல் அல்ல. அவளைப் பற்றி நான் எழுதிக்கொடுத்தது பொய்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது; யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்திடும் முன் கை கழுவ அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். பதினைந்து வரை எண்ணினேன்.

(ஒப்பம்) ஆக்னஸ்
18.7.2009