வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்

"எதும்மா கண்ணுக்கு நல்லது?"

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் கடைக்குக் கணினித் திரை வாங்க வந்த ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. எத்தனை அங்குலம், எவ்வளவு குறைப்பீர்கள், கெட்ட புள்ளி இருந்தால் மாற்றித் தருவீர்களா என்றுதான் கேட்பார்கள். அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதற்குச் சரியான பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்குப் பேசினால் வார்த்தை வராது, எழுதினால் வரும்.

சித்தியின் கடை யோங்சான் மின்னணுச் சந்தையில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. மூன்று வருட மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம் பாதியில் நான் நின்றுவிட்ட பிறகு, சித்திதான் என்னைக் கூட வைத்துக்கொண்டாள். பேச வேண்டிய அவசியமில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தாள். பெட்டியைப் பிரித்து, திரையை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி எரியவிட்டு, செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திரையில் இருபது லட்சம் புள்ளிகள். அதில் ஒன்று செத்திருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிம்மதி போய்விடும். ஒன்றுகூடச் சாகவில்லை என்று உறுதி தரும் பெட்டிக்குத் தனி விலை வைத்து விற்போம். அந்த உறுதியைக் கொடுப்பது என் கண்தான்.

வாங்க வருகிறவர்களோடு பேசுவதெல்லாம் சித்தி. ஒருமுறை ஏதோ அலுவலகத்திலிருந்து ஒருவர் பட்டியலோடு வந்தார். துறைத்தலைவருக்கு முப்பத்திரண்டு அங்குலம் ஒன்று, மற்றவர்களுக்கு இருபத்திரண்டில் ஒன்பது.

"நாள் பூராக் கணக்கு அடிக்கிறது யாருங்க?" என்றாள் சித்தி.

"மத்தவங்கதான்."

"தலைவர் என்ன பண்ணுவாரு?"

"மெயில் பாப்பாரு."

"அப்ப அவருக்குத்தான் சின்னது போதும். கண்ணு எல்லாருக்கும் ஒரே சைசுதாங்க. பதவி ஏறினா பெருசாயிடுமா?"

"அக்கா, இத நான் போய்ச் சொன்னா எனக்கு மேசையே இருக்காது," என்றார் அவர். பட்டியலில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போனார்.

சில திரைகள் மினுக்கும். இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பிறகு இதுதான் முக்கியம். முழு வெளிச்சத்தில் வைத்தால் அவை ஒழுங்காக எரியும். வெளிச்சத்தைக் குறைத்தால், உள்ளே இருக்கும் விளக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து அணைந்து எரியும். மலிவான திரைகள் அப்படித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. பார்த்தால் தெரியாது. திரைக்கு முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டினால் அது ஒன்றாகத் தெரியாமல், விசிறி மடிப்பு போலப் பத்தாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத் தலை பிளக்கும். எனக்குப் பேனா வேண்டாம், ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும். பழைய சரக்கில் அப்படி மூன்று பெட்டிகள் எங்களிடம் மிச்சம் இருந்தன. அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். பட்டறையில் கடைசல் இயந்திரத்தோடு இணைக்கவும் சிக்கன் கடையில் ரசீது போடவும் திரை கேட்டு வருகிறவர்களுக்கு அவை போதும்.

அன்று சித்தி வங்கிக்குப் போயிருந்தாள். அதனால்தான் அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"படிக்கிற புள்ள, எம் பொண்ணும் உன் வயசுதான். இந்த வருசம் பெரிய பரீட்சை எழுதுறா. அவளுக்கு ஒத்தத் தலைவலி உண்டு. பாடம் பூரா கம்ப்யூட்டர்லதான் கேக்குறா. அந்தச் சின்ன மடிக்கணினியில குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே போயிடுச்சு. அவளுக்கு எது நல்லது?"

எங்கள் ஊரில் என் வயதில் யாரைப் பார்த்தாலும் 'படிக்கிற புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுகிறவரும், ஆறுதல் சொல்லுகிறவரும், திட்டுகிறவரும். படிப்பை நிறுத்தி அரை வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

நல்ல திரையைத்தான் எடுத்துவந்தேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இருபத்துநான்கு அங்குலம், பளபளப்பில்லாத முகம், உயரத்தை ஏற்றி இறக்கும் கால், துளியும் மினுக்காது. எரியவிட்டு ஐந்து நிறத்திலும் காட்டினேன். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. உத்தரவாத அட்டையை மகள் பெயரிலேயே போடச் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன்.

"ஹேரின்," என்றாள். குடியிருப்பின் பெயரையும் சொன்னாள்.

நான் அட்டையை மூடினேன்.

"ஒரு நிமிசம்மா. இதுல ஒரு புள்ளி செத்திருக்கு. வேற எடுத்துட்டு வரேன்."

புள்ளி எதுவும் சாகவில்லை. உள்ளே போய், ஒதுக்கி வைத்திருந்த மூன்று பெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தேன். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முழு வெளிச்சத்தில் எரியவிட்டேன். ஒழுங்காகத்தான் எரிந்தது. எவ்வளவு கவனமா பாக்குறே, என்று அந்த அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அட்டையை அச்சுப்பொறியில் அடித்துக் கொடுத்தேன். கையால் எழுதவில்லை. ஹேரினுக்கு என் கையெழுத்து தெரியும்.

ஹேரின் என் வகுப்பு. எனக்கு முன்வரிசை. ஒருநாள் மின்கியோங் என்கிற பெண் என் பையிலிருந்து நோட்டை எடுத்து, மதிய உணவு இடைவேளையில் மேசைமேல் ஏறி நின்று உரக்கப் படித்தாள். இப்போது எழுதுகிற இதே மாதிரி ஒரு நோட்டு. வகுப்பு சிரித்தது. ஹேரினும் சிரித்தாள். அதற்கு அடுத்த வாரம் நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மே மாதத்தில் அந்த அம்மா திரும்பி வந்தாள். கோபமாக இல்லை. சித்தி சாப்பிடப் போயிருந்த நேரம்.

"திரை நல்லாத்தான் இருக்கு. ஆனா அவளுக்குத் தலைவலி ஜாஸ்தியாயிடுச்சும்மா. வாரத்துக்கு ஒருநாள் வந்தது, இப்ப மூணு நாள். வெளிச்சம் கூடுதலா இருக்குமோ?"

அவள் வாயிலிருந்தே அது வந்தது. நானாகச் சொல்லவில்லை.

"இருக்கலாம்மா. வெளிச்சத்தக் கொறச்சாப் போதும். பாதிக்கும் கீழ வைக்கச் சொல்லுங்க."

பொதுவாகப் பார்த்தால் இது நல்ல அறிவுரை. எந்தக் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள். அந்தத் திரைக்கு மட்டும்தான் இது பொருந்தாது.

ஜூன் மாத மாதிரித் தேர்வில் ஹேரின் பாதியில் எழுந்து போய்விட்டாள் என்பது எனக்கு ஆகஸ்டில் தெரிந்தது. அம்மா பீச் பழம் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள், எனக்காக. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது மகளுக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை, முதல் வரிசை மதிப்பெண் வந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும், இந்த வருடம் போனால் இன்னொரு வருடம் படிக்க வைக்க அவள் அப்பாவுக்குத் தெம்பில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேசும்போது என் மேசைமேல் இருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாதிக்கும் கீழதான் வெச்சிருக்கா. இன்னும் கொறைக்கலாமா?"

"நூத்துக்குப் பத்துல வைங்க," என்றேன். "அறை விளக்கையும் அணைச்சிட்டா, கண்ணுக்கு மங்கலாத் தெரியாது."

சித்தி அப்போது உள்ளே வந்துவிட்டாள். பழப் பெட்டியைப் பார்த்தவுடன், "இந்த ஊமைக்கு ரசிகர் வேறயா? நான் பத்து வருசமா வாய் கிழியப் பேசுறேன், எனக்கு ஒரு வெள்ளரிக்கா குடுத்ததில்ல," என்றாள். மூவரும் சிரித்தோம். பழங்கள் நன்றாக இருந்தன. நான் நான்கு சாப்பிட்டேன்.

மேலே எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். ஹேரின் சிரிக்கவில்லை.

மின்கியோங் படித்துக்கொண்டிருந்தபோது ஹேரின் எழுந்து போய், அவள் கையிலிருந்து நோட்டை வாங்கி, என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். "அவ நல்லாத்தான் எழுதுறா. நீங்க ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கடி," என்று மற்றவர்களிடம் சொன்னாள். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அதுவரைக்கும் அவர்கள் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளியை விட்ட பிறகு மூன்று முறை செய்தி அனுப்பினாள். மூன்றையும் படித்தேன், பதில் போடவில்லை. இன்னும் எழுதுகிறாயா என்று கடைசிச் செய்தியில் கேட்டிருந்தாள்.

மின்கியோங்கும் ஜூலையில் எங்கள் கடைக்கு வந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு மௌஸ் கேட்டாள். இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்து, கீழே போட ஒரு விரிப்பையும் இலவசமாக வைத்தேன். அவளை எதுவும் செய்ய எனக்குத் தோன்றவேயில்லை. அவளிடம் எனக்குப் பயம். ஹேரினிடம் பயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹேரினுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால், வகுப்பிலிருந்து அவளைப் பள்ளியின் நோயறைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஈரத்துணியை அவள் நெற்றியில் போட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குழல்விளக்கு ஒன்று மினுக்கிய நாளில்தான் அவளுக்கு மிக மோசமாக வந்தது. வாந்தி எடுத்தாள். அந்த விளக்கை ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னது நான்தான். ஆகவே மார்ச் மாதம் அந்தப் பெட்டியை எடுத்தபோது, அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மே மாதமும் ஆகஸ்டு மாதமும் சொன்னதையும் தெரிந்துதான் சொன்னேன். என் தலையில் இருந்த கணக்கு ஒன்றுதான்: அவளும் பாதியில் நிற்க வேண்டும். நின்ற பிறகு அவளைப் போய்ப் பார்க்கலாம், பக்கத்தில் உட்காரலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

நவம்பரில் தேர்வு நடந்தது. அன்று சந்தையே ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தது. பிள்ளைகள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் எப்போதும் போல வெள்ளை, கறுப்பு, சிவப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆங்கிலத் தாளின்போது ஹேரின் கையைத் தூக்கி, மேற்கொண்டு எழுதவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இதை அவள் அம்மாவே வந்து சொன்னாள். தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். இந்த முறை மகளும் கூட வந்திருந்தாள். தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலில் கம்பிவடங்கள் தொங்கும் இடத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

அம்மா சித்தியிடம் பேசினாள். "சண்டை போட வரலைங்க. நரம்பு டாக்டர்கிட்டப் போனோம். சில திரை வெளிச்சத்தக் கொறச்சா மினுக்குமாம். பாக்கத் தெரியாதாம். இவ எட்டு மாசமா அது முன்னாடிதான் உக்காந்திருக்கா. வேற யார் புள்ளைக்கும் இப்படி ஆயிடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். இந்தப் புள்ள மேல ஒண்ணும் தப்பில்ல. நல்ல மனசுல, தெரியாமச் சொல்லிடுச்சு."

அப்போது ஹேரின் தொப்பியைத் தூக்கினாள்.

"தான்பி? நீயா?"

முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, நான் சொல்லுவேனே, நோயறையில எனக்குத் துணையா இருப்பான்னு. இவதான்."

அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அட, கூடப் படிச்சவளா! அதான் இவ்வளவு அக்கறை."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடையின் பெயர் கெட்டால் சித்தி பொறுக்கமாட்டாள்.

"தெரியாமலா? யாருக்குங்க தெரியாது? இந்த மாடியில எந்தக் கடையில வேணா கேளுங்க. மினுக்கல் புடிக்கிறதுல எங்க தான்பிய அடிச்சுக்க ஆளே கெடையாது. தூரத்துல இருந்தே சொல்லிடுவா. அந்த மாதிரிச் சரக்க அவளேதான் ஒதுக்கி வெச்சிருக்கா, தலைவலி இருக்கவங்களுக்குக் குடுக்கவே மாட்டா. நீங்க தலைவலி இருக்குன்னு சொல்லாம விட்டிருப்பீங்க."

"சொன்னேனே," என்றாள் அம்மா. அவள் கை இன்னும் என் கையைப் பிடித்திருந்தது. "மொதல்லயே அதத்தான் சொன்னேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஹேரினைப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போய்விடவில்லை. என்ன நடந்தது என்று அவள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவளுக்குப் புரிந்திருக்கும். அவளால் புரிந்துகொள்ள முடியும் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஹேரின் அம்மாவின் விரல்களை என் கையிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வாசலில் எரிந்துகொண்டிருந்த திரைகளைப் பார்க்காமல் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிப் போனாள்.