பரண் கதவு

ஏசி ஓடுகிற வீட்டில் கதவைத் திறந்து போடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. என் வீட்டுக்காரர் எம்மெட்டுக்கும் பிடிக்காது. தெருப் பிள்ளைகள் யாராவது தண்ணீர் கேட்டு வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தால், "உள்ள வா, இல்ல வெளிய போ. ஊரையே குளிரவைக்க நான் என்ன கவர்னரா?" என்பார். ஃப்ளோரிடாவில் இந்தப் பேச்சு இல்லாத வீடு கிடையாது. உங்கள் அம்மாவும் உங்களிடம் சொல்லியிருப்பார், மரிசோல். அதனால்தான் நான் சொல்லப்போவது மற்றவர்களைவிட உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

உட்காருங்கள். தேநீரில் ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். புயல் இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள், நமக்கு நேரம் இருக்கிறது. உங்கள் அம்மா மத்தியானமே சர்ச் மண்டபத்துக்குப் போய்விட்டாராமே. நல்லது. சக்கரத்து மேல் நிற்கிற தகர டிரெய்லர் வீட்டில் புயல் நாளில் யாரும் இருக்கக் கூடாது. அங்கே எல்லோருக்குமாக வாழைப்பழப் புட்டிங் செய்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட நாளிலும் ஷெரீஃப் உங்களை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார் என்றால், கோரா டக்கெட் போய் உட்கார்ந்து அடம்பிடித்திருக்க வேண்டும். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவள். போனில் அவள் கேட்ட சத்தம் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். ஆனால் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. கூரைக்கு வயதாகிவிட்டது, இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று லைசென்ஸ் வைத்திருக்கிற ஆள் யாராவது பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காப்பீடு கிடையாது. இது எம்மெட் போட்ட கூரை. பழைய கூரையைப் புயல் கொண்டுபோன வருடம், தன் கையாலேயே போட்டார். அதற்கு ஒரு அந்நியன் வந்து சான்று கொடுக்க வேண்டுமா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் ராய்ஸ் டக்கெட்டைக் கூப்பிட்டேன். எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மிஸ் வெர்னா, இவ்வளவு சர்க்கரை போட்டா எறும்பெல்லாம் என் வண்டி பின்னாலயே வீடு வரைக்கும் வருமே" என்றார். ஏணி போட்டு மேலே ஏறி, தார் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டு வருஷம் தாங்கும். நானும் நீங்களும் தாங்குவோமா தெரியல, இது தாங்கும்."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

"பரணையும் ஒரு பார்வை பார்த்துடறேன். எங்கயாவது ஒழுகியிருக்கான்னு தெரியணும். அப்படியே கூரையைச் சுவரோட பிடிக்கிற தகட்டுப் பட்டையையும் ரெண்டு படம் எடுத்துட்டா, கம்பெனிக்காரன் உங்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பான். அவன்கிட்டயிருந்து பிடுங்கறதுல எனக்கொரு சந்தோஷம்."

நான் வேண்டாம் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் வெயிலில் கூரைக்கு நேர் கீழே இருக்கிற பரண், உள்ளே போனால் மூச்சு நிற்கும், உங்களுக்கும் வயதாகிவிட்டது என்றேன். அவர் கேட்கவில்லை. "எங்க பாஸ்டரை ஒரு தடவை ஃப்ளோரிடாப் பரண்ல ஏத்தி இறக்கினா போதும், நரகத்தைப் பத்தி அவர் பிரசங்கமே பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து அடுப்பங்கரை மேடையில் வைத்தார். பரண் சூட்டில் போன் தானாக அணைந்துவிடுமாம். படம் எடுக்கக் கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

நடைவழியில் தலைக்கு மேலே இருக்கிற பரண் கதவைத் திறந்து, அதோடு சேர்ந்த மடக்கு ஏணியை நான் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். அனல் கீழே இறங்கிற்று. என் குளிரெல்லாம் மேலே போயிற்று.

கொஞ்ச நேரம் கேமரா சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மிஸ் வெர்னா, இந்தக் கூரையை யார் போட்டது?"

"எம்மெட். ஏன்?"

"இல்ல. பட்டையெல்லாம் இருக்கு. ஆணிதான் இல்ல."

"ஆணி இல்லாம எப்படி நிக்கும்?"

"ஒண்ணொண்ணுலயும் ஒரு ஆணி. சட்டையை மாட்டித் தொங்கவிடற மாதிரி தொங்கவிட்டிருக்கார். காத்து உள்ள புகுந்தா மூடியைத் திறக்கற மாதிரி திறந்துடும்." பிறகு, நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். "பெரிய விஷயமில்லம்மா. ரெண்டு பசங்களை விட்டா ஒரு மத்தியானத்துல அடிச்சு முடிச்சிடுவாங்க. எம்மெட்டைத் தப்பா நினைக்காதீங்க. தலைக்கு மேல கையைத் தூக்கி அடிக்கிற வேலை. வயசானா தோள் கேக்காது. பாவம், யார்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டார்."

பாவம் என்றார். எம்மெட் டில்லிஸைப் பார்த்து இந்த ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தக் கடைசி வருடங்களில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதே நான்தான். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். வேலைக்குப் போவார், "முடிஞ்சுது வெர்னா, கல்லு மாதிரி நிக்கும்" என்று வந்து சொல்வார். கராஜில் ஆணிப் பெட்டிகள் ஒட்டின ஒட்டுப் பிரியாமல் அப்படியே இருந்தன. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே செத்திருப்பார். அவர் போன பிறகு அந்தப் பெட்டிகளை ஆள் பார்க்காமல் குப்பையில் போட்டேன்.

ராய்ஸ் இன்னும் கொஞ்சம் பேசினார். அதைப் பிறகு சொல்கிறேன். கடைசி மூலையில் இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று தவழ்ந்து போனார். நான் ஏணியடியில் நின்றிருந்தேன். குளிர் போய்க்கொண்டே இருந்தது. ஏணியை மடக்கி மேலே தள்ளினேன். அதில் ஸ்பிரிங் இருக்கிறது, ஒரு விரலால் தள்ளினாலே போய்விடும். கதவு மூடிக்கொண்டது. அதற்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. காற்றடிக்கும்போது கடகடவென்று ஆடுகிறது என்று எம்மெட் போட்டது. கதவை மூடினால் தாழ்ப்பாளையும் போடுவது இந்த வீட்டில் பழக்கம். போட்டேன்.

அதற்குப் பிறகு அடுப்பங்கரைக்குப் போய், சுட்டு வைத்திருந்த பெக்கான் பை பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டினேன். வேலைக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது இல்லையா.

தட்டினார். முதலில் விளையாட்டாகத்தான். "மிஸ் வெர்னா, கதவு சாத்திக்கிச்சு போல." பிறகு கொஞ்சம் வேகமாக. அந்த நேரத்தில்தான் மேடையில் இருந்த போன் அடித்தது. அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது மரியாதையில்லை.

"ராய்ஸ் போனை நீங்க எடுக்கறீங்க?" என்றாள் கோரா.

"பரண்ல இருக்கார் கண்ணு. சூட்டுல கெட்டுப்போகும்னு இங்க வச்சிட்டுப் போனார்."

"அந்தக் கிழவனைப் பரண்ல ஏறாதேன்னு சொன்னேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டாரான்னு கேளுங்களேன்."

"இறங்கி வந்ததும் கேக்கறேன்."

"என்ன சத்தம் அது?"

"அவர்தான். வேலை பண்றார்."

"சரி. ரொம்ப நேரம் மேல விடாதீங்க. அந்த ஆளுக்குத் தன் வயசு தெரியாது."

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ராய்ஸ் எதையும் தட்டமாட்டார், பார்ப்பார், படம் எடுப்பார், அவ்வளவுதான் என்று அவளுக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் உறைத்திருக்கிறது. துக்கத்தில் இருக்கிறவளுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும்.

பிறகு மேலே மிதிக்கத் தொடங்கினார். காலடியில் இருக்கிற மச்சுப் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கலாம் என்று பார்த்திருப்பார். மற்ற வீடுகளில் முடியும், அங்கெல்லாம் அட்டை மாதிரி ஏதோ வைத்திருப்பார்கள். இது பைன் மரம். நிமிர்ந்து பாருங்கள். இளவயதில் எம்மெட் ஒவ்வொரு பலகையையும் இழைத்து, ஒன்றோடொன்று கோத்து, ஆணி அடித்தது. கண்ணில் படுகிற இடத்தில் அவர் ஒரு குறை வைத்ததில்லை. மேசைக்கு மேலே இருக்கிற விளக்கு ஆடிற்று. ஒரு பலகைகூட அசையவில்லை. அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ரேடியோவில் பக்திப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அது முடிந்து செய்தி, செய்திக்குப் பிறகு மீன்பிடிக்கிறவர்களுக்கான கடல் நிலவரம். மேலே அமைதியாகிவிட்டது. நான் ஏணியை இறக்கினேன். அவர் கதவின் ஓரத்திலேயே இருந்தார், ஏணி இறங்கியதும் ஒரு கை கீழே தொங்கிற்று. கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். என் தையல் பெட்டியில் இருக்கிறது, போகும்போது மறக்காமல் கேளுங்கள். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த பையன்கள், "இந்த வயசுல, இந்த மாசத்துல, பரண்ல ஏறலாமா?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நானும் அதைத்தானே சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சாப்பாடு சர்ச் மண்டபத்தில்தான் நடந்தது. கோரா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியாக அவரோடு பேசியது நீங்கள்தான், என்ன பேசினார் என்று கேட்டாள். எறும்பு ஜோக்கைச் சொன்னேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

சான்றிதழா? அதோ ஃப்ரிட்ஜ் மேலே ஒட்டியிருக்கிறதே, அதுதான். வேறொரு ஆள் வந்தான், சின்ன வயது, மெருகு போட்ட ஷூ. பரண் கதவின் கீழே நின்று மேலே பார்த்தான்.

"இங்கதானேம்மா அவர்..."

"இங்கதான் தம்பி. ஏணியை இறக்கட்டுமா?"

"ஒழுகல் ஏதாவது உண்டாம்மா?"

"ஒரு சொட்டு ஒழுகினதில்ல."

"அப்போ பரவால்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். எம்மெட்டின் கூரை ஐந்து வருடம் தாங்கும் என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது.

ஒரு மத்தியான வேலைக்காகவா ஒரு மனுஷனை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் வீட்டோடு போயிருந்தால் நானே ரகசியமாக ஆளை வைத்து ஆணி அடித்திருப்பேன். ராய்ஸும் வாயைத் திறந்திருக்கமாட்டார், அப்படிப்பட்ட குணம் அவருக்கு. நான் கதவை மூடுவதற்கு முன் அவர் மேலேயிருந்து கடைசியாகப் பேசியது வேறு.

"இதுக்கப்புறம் வேற எங்கயாவது கூரை போட்டாரா மிஸ் வெர்னா?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "சர்ச் மண்டபம்" என்றேன்.

"புயலுக்கு டிரெய்லர் பார்க் ஜனமெல்லாம் போய்ப் படுக்குமே, அதுவா?"

"அதுதான்."

"இறங்கினதும் முதல் வேலையா பாஸ்டருக்குப் போன் பண்ணணும்."

அந்த மண்டபத்தின் வாசலில் பித்தளைப் பலகையில் எம்மெட்டின் பெயர் இருக்கிறது. கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள், தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதை யாராவது திருப்புளி வைத்துக் கழற்றுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், நீங்களே சொல்லுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். உங்கள் தேநீர் அப்படியே இருக்கிறது. அந்த மண்டபம் இரண்டு புயலைப் பார்த்துவிட்டது. சின்னப் புயல்கள்தான், இருந்தாலும் நின்றதா இல்லையா? எம்மெட் கல்லு மாதிரி நிற்கும் என்றார். உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே பாதுகாப்பில்லை என்று எனக்குத் தோன்றியிருந்தால் புட்டிங் அனுப்பியிருப்பேனா?

வயர்லெஸ்ஸில் அப்படிக் கத்தாதீர்கள், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. காற்று எழும்பிவிட்ட பிறகு அத்தனை ஜனத்தையும் எங்கே கொண்டுபோவீர்கள்? கேமராவையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மரிசோல், ஓடுவதென்றால் ஓடுங்கள். வாசல் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள். குளிரெல்லாம் வெளியே போகிறது.