காட்டுவளவில் ரயில் நிற்க வேண்டும் என்றவர்

அவைத் தலைவர் கைலாசம் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் திட்ட அலுவலர்களே, திட்டத்தில் கூட்டுச் சேர்ந்த தனியார் நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கும் நண்பர்களே, மஞ்சுளா அம்மையாரின் துணைவர் தமிழரசு அவர்களே, காட்டுவளவிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சேலம் அஸ்தம்பட்டி வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இந்நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஊரே தூங்குகிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், இப்போதுதான் கண் அசந்தாள். ஒரு வரி எழுதுகிறேன், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி எழுதுகிறேன். விடிந்தால் அம்மையாருக்கு அஞ்சலிக் கூட்டம், என்னால் வர முடியாது. என் பெயர் சண்முகப்பிரியா. ஒப்பந்தப் பிரிவில் அம்மையாரோடு வேலை பார்த்தவள். இதை எங்கள் பிரிவின் தனபால் அண்ணன் வாசிப்பார். எங்கேனும் தடுமாறினால் பிழை என்னுடையது, அவருடையது அல்ல.

பொறியாளர் மஞ்சுளா அம்மையார் மறைந்துவிட்டார் என்கிறார்கள். போன வாரம் போனில், "புள்ளைக்குப் பேரு வச்சாச்சா, இல்ல அதுக்கும் டெண்டர் விடறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தவர் மறைந்துவிட்டாராம்! எப்படி நம்புவது?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே வேலைக்குப் போவோர் தினமும் ஏறி இறங்க ஒரு ரயில். அதுதான் நம் திட்டம். நிலமும் தண்டவாளமும் அரசுடையவை. பெட்டியும் நிலையமும் ஓட்டும் பொறுப்பும் தனியாருடையவை. ஆள் ஏறாவிட்டால் நட்டம் இருவருக்கும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்தும்போது சண்டை வராமல் இருக்குமா? வந்தது. தினமும் வந்தது. அம்மையார் நடுவில் உட்கார்ந்து சொல்வார்: "தனியாருன்னா திருடன், கவர்மெண்டுன்னா தூங்குமூஞ்சி. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திட்டியாச்சுல்லங்க? இனி வேலையப் பாக்கலாமுங்களா?" எல்லோரும் சிரித்துவிடுவார்கள். வேலை நடக்கும்.

காட்டுவளவு நிறுத்தத்தின் கதை இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஊரில் எத்தனை பேர் ரயில் ஏறுவார்கள் என்று கணக்கெடுக்க ஆய்வாளர் இளஞ்செழியன் தலைமையில் இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நன்றாகப் படித்தவர்கள், பட்டணத்தில் வளர்ந்தவர்கள். காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்று, பையும் மதியச் சோற்றுத் தூக்குப்போசியுமாக வந்தவர்களிடம், "எங்கே போறீங்க?" என்று கேட்டார்கள்.

புறப்படுகிறவரைப் பார்த்து நம் பக்கத்தில் யாராவது அப்படிக் கேட்பார்களா? கேட்டால் போகிற காரியம் விளங்குமா?

காட்டுவளவுப் பாப்பாயி அக்கா அன்று சொன்னதைப் பின்னர் அவர் வாயாலேயே கேட்டேன், வரி மாறாமல் நினைவிருக்கிறது. "ஏஞ்சாமி, பொழப்புக்குப் பொறப்படறவள நிறுத்தி எங்கே போறேங்கறயே, ஊட்டுல சொல்லித் தரலயா? இங்கதான், பக்கத்துல." அவர் போவது சேலத்து மில்லுக்கு! பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "சும்மா, இங்கதானுங்க." "கிட்டத்துலதாந் தம்பி." பிள்ளைகள் அதை அப்படியே பதிந்துகொண்டார்கள். அறிக்கை வந்தது: காட்டுவளவு மக்கள் வெளியூர் போவதில்லை, அங்கே நிறுத்தம் தேவையில்லை.

அம்மையார் அதைப் படித்துவிட்டு அறையே அதிரச் சிரித்தார். "அப்ப காலையில பஸ்ஸு படியில தொங்கறதெல்லாம் ஆருங்க, பேயா?" என்றார். யாரையும் திட்டவில்லை. அந்தப் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு சாயங்காலம் அதே நிறுத்தத்தில் போய் நின்றார். பஸ்ஸை விட்டு இறங்கியவர்களிடம், "எங்கிருந்துங்க வாரீங்க? தூரமா?" என்று கேட்கச் சொன்னார். அவ்வளவுதான்! மில் பெயர் வந்தது, மேஸ்திரி பெயர் வந்தது, மேஸ்திரி எப்படிப்பட்டவன் என்பதும் வந்தது. கல்லூரிப் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கர்ப்பிணிகள், கோழிப்பண்ணை ஆட்கள் என்று எழுதி முடிக்க முடியாமல் பிள்ளைகள் திணறினார்கள். "மேடம், இவங்க நிறுத்தவே மாட்டேங்கறாங்க!" என்று இளஞ்செழியன் கத்தினார். "நாம நிறுத்தம் கேட்டோம், அவங்க நிறுத்தாம குடுக்கறாங்க, எழுதுப்பா!" என்றார் அம்மையார்.

அடுத்த கூட்டத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "ஒரு கேள்வியை மாத்திக் கேட்டா புதுசா பயணிகள் முளைச்சிடுவாங்களா?" அம்மையார் சொன்னார்: "புதுசா ஆரும் முளைக்கலீங்க. கேக்கக் கூடாத நேரத்துல கேட்டா ஆரும் சொல்ல மாட்டாங்க, அம்புட்டுதான்." நிறுத்தம் வரைபடத்துக்குள் திரும்பி வந்தது.

அறிவு மட்டுமா அவரிடம் இருந்தது? ஏறுகிறவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் மனம் இருந்தது. நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறையை வரைந்தவர் அதைக் கடைசியில், கழிப்பறைக்குப் பின்னால் போட்டிருந்தார். நான் அப்போது ஏழு மாதம். அம்மையார் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வரைந்தவரைப் பார்த்துக் கேட்டார்: "இங்க உக்காந்தா ரயிலு வாரது எப்படித் தெரியுமுங்க? புள்ளைக்குப் பால் குடுப்பாளா, காதத் தீட்டிக்கிட்டு இருப்பாளா?" தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு சன்னல் வந்தது. செலவு கூடும் என்று முதலில் முனகிய நிறுவனமே இன்று அதை எல்லா நிலையத்துக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அரசும் தனியாரும் சேர்ந்து வேலை செய்வது என்றால் இதுதானே! இதைவிட வேறென்ன!

தமிழரசு அண்ணா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவரை நாங்கள் எடுத்துக்கொண்டோம். கொடுத்தீர்கள். நன்றி என்பது சின்ன வார்த்தை.

இனி என்னைத் தூங்கவிடாத ஒன்றைச் சொல்கிறேன், குழந்தையின் காய்ச்சல் அல்லாமல். ஒப்பந்த வரைவில், ஆள் குறைவான நிறுத்தத்தை முதல் வருடத்துக்குப் பின் நிறுவனம் தானாகவே மூடலாம் என்று ஒரு நிபந்தனை உண்டு. இருதரப்பும் சேர்ந்து கணக்கெடுத்து, இருதரப்பும் சம்மதித்தால்தான் மூடலாம் என்று அதை மாற்றச் சொன்னார் அம்மையார். நிறுவனத்தாரும் சரி என்றார்கள், வாயால். எழுத்தில் ஏறுவதற்குள் அவர் போய்விட்டார். இந்த வாரம் வந்த இறுதி வரைவில் பழைய நிபந்தனையே இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாததால் விட்டுப்போயிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை சென்னையில் அதில் கையெழுத்து. கையெழுத்தான பிறகு யார் கேட்பது? எங்கே கேட்பது?

அம்மையாரின் படத்துக்கு மாலை போடுவோம். போட வேண்டும். அதோடு நின்றுவிடுவோமா? நிற்க மாட்டோம்! அவர் கேட்டதை நாம் கேட்போம். அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்போம். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

விடுப்பில் இருக்கிறேன், ஆனாலும் சென்னைக்கு வருகிறேன். காய்ச்சல் விட்டிருந்தால் குழந்தையோடு, விடாவிட்டால் மாமியாரிடம் விட்டுவிட்டு. ஆனால் ஒப்பந்தப் பிரிவின் இளைய அலுவலர் ஒருத்தி சொன்னால் நிபந்தனையை மாற்ற மாட்டார்கள். கைலாசம் ஐயா, மேடையில் இருப்பவர்களில் அதிகாரமுள்ள ஒருவர் என்னுடன் வர வேண்டும். நிறுவனத்து நண்பர்களிலும் அன்று சரி என்றவர் வந்து அதையே சொல்ல வேண்டும்.

யார் வருகிறீர்கள்? தயவுசெய்து எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.